திருத்திய சட்டகமும் மறுவரைவும்: ‘சைனாடவுன்’ திரைக்கதையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எழுதி முடித்த திரைக்கதை வரைவைத் திருத்துவோர் பலர், முதல் பக்கத்திலிருந்தே உரையாடலையும் சொல்லையும் மாற்றத் தொடங்குகின்றனர். அவ்வாறன்றி, வரைவிலிருந்து காட்சிச் சட்டகத்தைப் பிரித்தெடுத்து, முதலில் அச்சட்டகத்தைத் திருத்தி, பின்னர் அதனைக் கொண்டு வரைவை மீண்டும் எழுதும் முறை ஒன்று உண்டு. இராபர்ட் டவுன் எழுதி, ரோமன் பொலான்ஸ்கி இயக்கி, 1974இல் வெளிவந்த ‘சைனாடவுன்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் திரைக்கதை உருவான வகையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அம்முறையை விளக்குகிறது. அம்முறைக்கு அகப்படாது நின்ற இறுதிக் காட்சியும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: திரைக்கதை, வரைவு, காட்சிச் சட்டகம், மறுவரைவு, நூற்குற்றம், சைனாடவுன்.

முன்னுரை

அமெரிக்கத் திரைத்துறையில் திரைக்கதையின் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்று கொள்ளும் வழக்கம் உள்ளது. ‘சைனாடவுன்’ படத்திற்கு டவுன் எழுதிய தொடக்க வரைவு சுமார் 180 பக்கம் என்று குறிப்பிடப்படுகிறது. வெளிவந்த படமோ 130 நிமிட அளவினது. இவ்விரண்டு எண்களை மட்டும் காண்போர், ஐம்பது பக்கங்களை வெட்டியதே திருத்தம் என்று எண்ணக்கூடும். நிகழ்ந்தது அதுவன்று. வெட்டுவதற்கு முன்னர், எதை எங்கே வைப்பது என்னும் வினா எழுந்தது. அவ்வினாவிற்கு விடை காணாமல் வெட்டியிருந்தால் குழப்பம் குறுகியிருக்குமேயன்றித் தீர்ந்திருக்காது.

கதை 1937ஆம் ஆண்டின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நிகழ்கிறது. கிட்டிஸ் என்னும் தனியார் துப்பறிவாளர், நகர நீர்–மின் துறையின் தலைமைப் பொறியாளர் ஹாலிஸ் மல்ரேயைக் கண்காணிக்க அமர்த்தப்படுகிறார். அமர்த்தியவள் மல்ரேயின் மனைவி அல்லள் என்பது பின்னர்த் தெரியவருகிறது. மல்ரே கொல்லப்படுகிறார். வறட்சி என்று சொல்லப்படும் காலத்தில் நகரின் நீர் இரவில் வீணே திறந்துவிடப்படுகிறது. பள்ளத்தாக்கு நிலம் மலிந்த விலைக்கு வாங்கப்படுகிறது. அந்நிலத்திற்கே நாளை நீர் வரும். இச்சூழ்ச்சியின் பின்னிருப்பவர் நோவா கிராஸ். மல்ரேயின் உண்மையான மனைவி ஈவ்லின், கிராஸின் மகள். அவள் மறைத்துக் காக்கும் இளம்பெண், தன் தந்தையால் தனக்குப் பிறந்தவள். நீர், குடும்பம் என இரு மறைபொருள்கள். இரண்டிற்கும் ஒரே குற்றவாளி. வரைவின் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

நீர்ச் சூழ்ச்சிக்கு வரலாற்று வேர் உண்டு. ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் நீரை நகருக்குக் கொண்டுவந்த கால்வாய் 1913இல் திறக்கப்பட்டது. தென் கலிபோர்னியாவைப் பற்றி கேரி மெக்வில்லியம்ஸ் 1946இல் வெளியிட்ட நூலின்வழி அவ்வரலாறு டவுனைச் சென்றடைந்தது. கால் நூற்றாண்டு முந்தைய நிகழ்ச்சியை அவர் 1930களுக்கு நகர்த்திக்கொண்டார். செய்தி மிகுந்த எழுத்தாளருக்கு வரைவு நீள்வதில் வியப்பில்லை.

வரைவிலிருந்து சட்டகம்

எழுதுவதற்கு முன் வகுக்கும் சட்டகம் ஒன்று. எழுதியபின் வரைவிலிருந்து பிரித்தெடுக்கும் சட்டகம் மற்றொன்று. முன்னது எழுத்தாளரின் எண்ணத்தைக் காட்டும். பின்னது தாளில் உண்மையில் இருப்பதைக் காட்டும். இரண்டும் ஒத்திருப்பது அரிது. தமிழ்த் திரைத்துறை ‘சீன் ஆர்டர்’ என வழங்குவது பெரும்பாலும் முன்னதையே. இக்கட்டுரை பேசுவது பின்னதைத் திருத்தி அமைப்பதைப் பற்றியாகும். முடிந்த பனுவலுக்குப் பின்னர்ச் சட்டகம் எழுதுவது தமிழ் மரபு அறியாததன்று. சிலப்பதிகாரப் பதிகம் கதையைச் சுருக்கிச் சொல்லிக் காதைகளின் பெயர்களை நிரல்படத் தருகிறது. ஆயின் பதிகம் முடிந்த நூலுக்கு வாயில். வரைவின் சட்டகம் முடியாத நூலை அறுத்துப் பார்க்கும் கருவி.

ஒவ்வொரு காட்சியையும் ஒரே தொடரில் எழுத வேண்டும் என்பதே இம்முறையின் முதற்படி. அத்தொடரில் எது இடம்பெற வேண்டும் என்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் செய்யுள் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்னும் ஐந்தும் இங்கே வியப்பூட்டும் வகையில் பொருந்துகின்றன. திரைக்கதையில் காட்சித் தலைப்பு தருவது களனும் காலமும் மட்டுமே: எந்த இடம், உள்ளா வெளியா, பகலா இரவா. உரையாடல் கூற்றையும் கேட்போரையும் தரும். பயன் மட்டும் தாளில் எங்கும் எழுதப்படுவதில்லை. சட்டகத்தின் ஒற்றைத் தொடர் அப்பயனை எழுதியே தீர வேண்டும். ‘கிட்டிஸ் ஆவணக் காப்பகத்திற்குச் செல்கிறார்’ என்பது பயனற்ற தொடர். ‘பள்ளத்தாக்கு நிலம் அண்மையில்தான் கைமாறியது என்பதைக் கிட்டிஸ் பதிவேட்டிலிருந்து அறிகிறார்’ என்பது பயன் உடையது. பயன் எழுத இயலாத காட்சி எவ்வளவு நயமாக எழுதப்பட்டிருந்தாலும் ஐயத்திற்குரியது.

இவ்வாறு தொகுத்தபின், நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் சில கண்ணுக்குத் தென்படத் தொடங்கும். ஒரே பயன் இரு தொடர்களில் வந்தால் கூறியது கூறல். கதையை விட்டு விலகிய தொடர்கள் அடுத்தடுத்து நின்றால் மற்றொன்று விரித்தல். பிற்பகுதித் தொடர்களின் விசை முற்பகுதியினும் குறைந்தால் சென்று தேய்ந்திறுதல். இவை நூலுக்குச் சொல்லப்பட்ட குற்றங்கள் என்பதால் கதைக்கு ஏற்றுவது ஒப்புமை அளவிலேயே தகும். எனினும் 180 பக்க வரைவைப் படிக்கும்போது மறைந்து கிடக்கும் இக்குற்றங்கள் சில தாள்கள் கொண்ட சட்டகத்தில் மறைய இடமில்லை.

கதவில் ஒட்டிய காட்சிகள்

1973இல் பொலான்ஸ்கியும் டவுனும் ஏறத்தாழ இரண்டு மாதம் சேர்ந்தமர்ந்து வரைவைத் திருத்தினர். அவர்கள் கையாண்ட முறையை டவுன் பின்னர் விவரித்துள்ளார். காட்சி ஒவ்வொன்றையும் ஒரு தொடராகச் சுருக்கினர். அத்தொடர்களைக் கத்தரியால் தனித்தனியே வெட்டினர். பொலான்ஸ்கி தங்கியிருந்த வீட்டின் படிப்பறைக் கதவில் ஒட்டினர். வரிசை சரியாக அமையும்வரை இடம் மாற்றிக்கொண்டே இருந்தனர்.

இதில் கத்தரியின் பங்கு சிறிதன்று. கட்டிய தாளில் ஒரு காட்சி அடுத்ததோடு இடைவெளியின்றி ஒட்டியிருப்பதால், அவ்வரிசை இயற்கையானது என்ற மயக்கம் எழுதியவருக்கே உண்டாகிறது. வெட்டிய துண்டுக்கு அண்டை வீடு கிடையாது. அது எங்கு வேண்டுமாயினும் சென்று நிற்கும். அங்கே நிற்கத் தக்கதா என்பதை முந்தைய துண்டு இதற்குக் காரணமாகிறதா என்னும் வினாவே முடிவு செய்யும். இரு துண்டுகளை ‘பிறகு’ என்னும் சொல்லால் மட்டுமே இணைக்க முடிந்தால் அங்கே கதை நின்றுவிட்டது எனலாம். ‘ஆதலால்’ அல்லது ‘ஆயினும்’ என்று இணைக்க முடிந்தால் கதை நகர்கிறது.

எது முன், எது பின்

நீர்ச் சூழ்ச்சி, தகாப் புணர்ச்சி என்னும் இரண்டில் எது முதலில் வெளிப்பட வேண்டும் என்பதே தீர்வு வேண்டிநின்ற முதன்மை வினா. நீர்ச் சூழ்ச்சியே முன் என்பது முடிவாயிற்று.

இம்முடிவின் காரணத்தைச் சட்டகமே காட்டித்தரும். நீர்ச் சூழ்ச்சி ஆவணங்களாலும் இடங்களாலும் தேடிக் கண்டறியத் தக்கது: பதிவேடு, வறண்ட ஆற்றுப்படுகை, ஆரஞ்சுத் தோப்பு, நில உரிமையாளராகப் பெயர் காட்டப்பட்ட முதியோர் இல்லத்தவர். துப்பறிவாளரின் தொழில் இவற்றையே கண்டறிவது. குடும்பக் குற்றத்திற்கு ஆவணம் இல்லை. ஒருத்தியின் வாயிலிருந்தே அது வர வேண்டும். அது வெளிப்பட்டபின் நிலப்பத்திரங்களைப் பற்றி எவர் கேட்டுக்கொண்டிருப்பார்? முறை மாறியிருந்தால் பிற்பாதி முழுதும் சென்று தேய்ந்திருக்கும். மேலும், முதல் குற்றம் கிராஸ் செய்ததைக் காட்டுகிறது. இரண்டாவது, அவர் எத்தகையவர் என்பதைக் காட்டுகிறது. நிலத்தையும் நீரையும் எதிர்காலத்தையும் தனதாக்க முனையும் ஒருவர் தன் மகளையும் அவ்வாறே கொண்டார் என்னும்போதுதான் இரு கதைகளும் ஒன்றாகின்றன. வரைவில் இரண்டாய் நின்றவற்றை ஒன்றாக்க புதுக்காட்சி தேவைப்படவில்லை, நிரல் போதியதாயிற்று என்பது இங்கு ஊன்றி நோக்கத்தக்கது.

அறிவோன் ஒருவன்

வரைவில் கிட்டிஸின் பின்னணிக் குரல் கதையைச் சொல்லிச் சென்றது. பொலான்ஸ்கி அதனை நீக்கினார். கிட்டிஸ் அறியும்போதே பார்வையாளரும் அறிய வேண்டும் என்பது விதியாயிற்று. தோப்பில் அவர் நினைவிழந்து விழும்போது திரையும் இருள்கிறது. விழிக்கும்போதே கதை தொடர்கிறது.

ஒரு விதியை ஏற்றால் சட்டகத்தின் ஒவ்வொரு தொடரும் அதற்கு உட்பட வேண்டும். திருத்திய சட்டகத்தைக் கொண்டு மறுபடி எழுதுவோர் சறுக்கும் இடம் இதுவே. பழைய காட்சியைப் புதிய இடத்தில் அப்படியே பொருத்திவிடுகின்றனர். முன்னர் ஐம்பதாம் பக்கத்தில் அறிந்த செய்தியைப் பாத்திரம் இப்போது முப்பதாம் பக்கத்திலேயே அறிந்தவர்போல் பேசுகிறது. நன்னூலார் மொழியில் இது மாறுகொளக் கூறல். ஆகவே நிரல் மாறிய ஒவ்வொரு காட்சிக்கும், இந்நேரத்தில் யார் எதை அறிவார் என்னும் குறிப்பைச் சட்டகத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்வது நலம். பழைய உரையாடலைக் கண்முன் வைக்காமல், சட்டகத் தொடரை மட்டும் வைத்துக் காட்சியைப் புதிதாக எழுதுவது இன்னும் நலம். நல்ல பழைய தொடர் தானே நினைவில் வந்து சேரும், வாராதது போகட்டும்.

குரல் நீங்கியதால் அது சுமந்த செய்திகளைப் பொருள்கள் சுமக்க நேர்கிறது. மல்ரே வீட்டு உப்புநீர்க் குளத்தில் கிடக்கும் மூக்குக்கண்ணாடி, அளவுகோலை வைத்துப் பதிவேட்டிலிருந்து கிழிக்கப்படும் நீண்ட கீற்று, நிலம் வாங்கியதாகச் சொல்லப்படும் நாளுக்கு முன்பே உரிமையாளர் இறந்துவிட்டதைக் காட்டும் செய்தி ஆகியன சொல்லப்படாமல் காணப்படுகின்றன. காண்பவர் கிட்டிஸுடன் சேர்ந்து கணக்குப் போடுகிறார்.

சட்டகத்துக்கு அகப்படாதது

நிரலில் இணங்கிய இருவரும் முடிவில் இணங்கவில்லை. டவுன் கொண்ட முடிவில் ஈவ்லின் தன் தந்தையைக் கொல்வாள், இளம்பெண் தப்புவாள், கொலைக்கான காரணத்தைச் சொல்ல இயலாமல் ஈவ்லின் தண்டனைக்கு உள்ளாவாள். பொலான்ஸ்கி ஈவ்லின் இறக்க வேண்டும், கிராஸ் வெல்ல வேண்டும் என்றார். தலைப்பில் வரும் சைனாடவுனில் ஒரு காட்சியேனும் நிகழ வேண்டும் என்பதும் அவர் கோரிக்கை. டவுனுக்கு அவ்விடம் ஒரு குறியீடாகவே போதியதாயிருந்தது. படப்பிடிப்பு தொடங்கியபோதும் பூசல் தீரவில்லை. இறுதிக் காட்சி படப்பிடிப்புக் காலத்திலேயே எழுதப்பட்டது.

சட்டகம் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எது எதற்குக் காரணம், எது முன், எது மிகை என்பவற்றைத் துண்டுத்தாள்கள் காட்டும். இவ்வுலகில் குற்றவாளி தண்டிக்கப்படுவானா என்பதைக் காட்டா. அது நிரல் பற்றியதன்று, எழுதுவோரின் உலகநோக்கு பற்றியது. கதவின் முன் எத்தனை நாள் நின்றாலும் அவ்வினாவிற்கு விடை கிடைத்திராது.

ஆயினும் பொலான்ஸ்கியின் முடிவு ஒட்டவைத்ததுபோல் நிற்கவில்லை. முன்பு சைனாடவுனில் காவல் பணியாற்றியபோது ஒருத்திக்குத் தீங்கு நேராமல் காக்க முயன்று, அதனாலேயே அத்தீங்கு நேரக் காரணமாயினார் எனக் கிட்டிஸ் படத்தின் நடுவில் கூறுகிறார். அங்கே செய்தியாக நின்றது இறுதியில் நிகழ்ச்சியாகிறது. செம்மையாக நிரல்பட்ட சட்டகம், தான் எதிர்பாராத முடிவையும் தாங்கவல்லது போலும். டவுனும் பிற்காலத்தில் பொலான்ஸ்கியின் முடிவே சரியென ஒப்புக்கொண்டார். பதினொரு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற இப்படத்திற்குக் கிடைத்த ஒரே விருது மூலத் திரைக்கதைக்கானது. அதனைப் பெற்றவர் டவுன் ஒருவரே.

இங்கே பாடவியல் சார்ந்த சிக்கல் ஒன்று எழுகிறது. திரைக்கதை என்று ஆய்வாளர் கையில் எடுப்பது எந்த வரைவை? தமிழில் நூலாக வரும் திரைக்கதைகள் பல, படம் வெளிவந்தபின் அச்சேறுபவை. அவற்றில் காட்சிகள் இறுதி நிரலில் நிற்கின்றன. இடம் மாறியவையும் நீங்கியவையும் சுவடின்றிப் போகின்றன. ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்துவந்த துறை, இயக்குநர்களின் வீடுகளிலும் தயாரிப்பு அலுவலகங்களிலும் கிடக்கும் கையெழுத்து வரைவுகளையும் ‘சீன் ஆர்டர்’ தாள்களையும் இன்னும் சுவடிகளாகக் கருதத் தொடங்கவில்லை. தாள் பழுப்பேறிக்கொண்டிருக்கிறது; கணினியில் எழுதப்படுபவற்றிலோ முந்தைய வரைவின்மேலேயே அடுத்த வரைவு சேமிக்கப்பட்டுவிடுகிறது.