சுவரில் வரைந்த சின்னம்

ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். சரித்திரம் எழுதும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் என் பேரன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடப்போய் அறிந்துகொண்ட சில செய்திகளை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நம்மில் பலருடைய பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் கடல் கடந்து வாழ்கிறார்கள். என்றைக்காவது ஒரு நாள் இதே கேள்வி உங்கள் வீட்டிலும் எழலாம்.

சென்ற ஆண்டு அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் பேரன் ஒரு நாள் மாலை பள்ளியிலிருந்து முகம் வாடி வந்தான். அவன் வகுப்பில் படிக்கும் ஒரு யூதப் பெண்ணின் லாக்கர் கதவில் யாரோ கறுப்பு மையால் ஸ்வஸ்திகா வரைந்துவிட்டார்களாம். அந்தப் பெண் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

"அது நம்ம பூஜை ரூம்ல இருக்கிறதுதானே தாத்தா? அதுக்கு ஏன் அவ அழணும்?" என்று கேட்டான்.

எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்றிரவு மகளையும் கூட வைத்துக்கொண்டு விஷயத்தைத் தேடிப் படித்தேன்.

நமக்கு ஸ்வஸ்திகம் மங்களச் சின்னம். இந்துக்கள், சமணர்கள், பௌத்தர்கள் எல்லோருக்கும் பொதுவானது. 1920இல் ஹிட்லரின் நாஜிக் கட்சி இதே வடிவத்தைச் சாய்த்து, சிவப்புத் துணியில் வெள்ளை வட்டத்துக்குள் கறுப்பாக வைத்துத் தன் கொடியாக்கிக்கொண்டது. அந்தக் கொடியின் கீழ் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 15 லட்சம் பேர் குழந்தைகள்.

இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1933 ஏப்ரல் 1ஆம் தேதி யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி நாஜிகள் கடைக் கண்ணாடிகளில் பெயின்ட்டால் எழுதினார்கள். 1935இல் சட்டம் போட்டு யூதர்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு தொழுகைக் கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். அதே நவம்பர் 15ஆம் தேதி யூதப் பிள்ளைகள் யாரும் ஜெர்மன் அரசுப் பள்ளிகளில் படிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. 1941இல் மக்களை நாடு கடத்தும் ரயில்கள் பெருமளவில் புறப்படத் தொடங்கின.

அந்த ரயில்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. மக்களைப் பெரும்பாலும் சரக்கு வேகன்களில் அடைத்துத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் ஜெர்மன் ரயில்வே மூன்றாம் வகுப்புக் கட்டணம் வசூலித்தது. ஒரு வழிக்கு மட்டும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரை டிக்கெட். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். 400 பேருக்குக் குறையாமல் இருந்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. டைம்டேபிள் போட்டவரும் சிக்னல் இறக்கியவரும் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள். கடைக் கண்ணாடியில் பெயின்ட் பூசியபோது பேசாமல் இருந்த ஊர், எட்டே ஆண்டுகளில் இதற்கும் பழகிவிட்டது.

மறுநாள் பேரனிடம் இப்படிச் சொன்னேன்: "கண்ணா, சிவப்பு நம்ம வீட்டுல குங்குமம், மங்களம். அதே சிவப்புத் துணியைத் தண்டவாளத்துல கட்டினா டிரைவர் வண்டியை நிறுத்திடுவார். எங்கே இருக்கு, யார் பார்க்கிறாங்க என்கிறதைப் பொறுத்து அர்த்தம் மாறும். நம்ம பூஜை அறையில இருக்கிறது மாறாது. ஆனா அவ கதவுல வரைஞ்சதை அவ தாத்தா பாட்டி கண்ணால பாரு."

வெகுநேரம் சும்மா இருந்தான். பிறகு, "வரைஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும் தாத்தா. என் ஃபிரண்டுதான். விளையாட்டுக்குப் பண்ணிட்டான். சொன்னா அவனை ஸ்கூலை விட்டே அனுப்பிடுவாங்களா?" என்றான்.

அப்போதுதான் மகள் அதே மாநிலத்தில் ஆஷ்பர்ன் என்ற ஊரில் நடந்ததைச் சொன்னாள். அங்கே கறுப்பினக் குழந்தைகளுக்காக 1892இல் கட்டிய ஓர் அறைப் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அந்தப் பழைய கட்டடத்தைப் பக்கத்துப் பள்ளி மாணவர்கள் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். 2016இல் ஓர் இரவு பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் ஐந்து பேர் அதன் சுவரெங்கும் ஸ்வஸ்திகாவும் வெள்ளையர் ஆதிக்க வாசகங்களும் கிறுக்கிவிட்டார்கள். விசாரித்தபோது, தாங்கள் வரைந்ததன் பொருள் அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது அரசு வழக்கறிஞருக்குப் புரிந்தது. அவர் கேட்டுக்கொண்டபடி 2017இல் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் வேறு தண்டனை கொடுத்தது. 35 புத்தகங்கள் கொண்ட பட்டியலிலிருந்து மாதம் ஒன்றாக ஓராண்டு படித்துக் கட்டுரை எழுத வேண்டும். வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்தைப் பார்த்து வரவேண்டும். அந்தப் பழைய பள்ளியில் படித்த ஒருவரின் பேட்டியைக் கேட்க வேண்டும்.

இதைக் கேட்டபின் பேரன் தாயாருடன் பள்ளிக்குப் போய் உண்மையைச் சொன்னான். பள்ளியும் அந்தப் பையனைத் துரத்தவில்லை. சில நாள் வகுப்புக்கு வெளியே வைத்து, பெற்றோரை அழைத்துப் பேசி, படிக்க வைத்து, அந்தப் பெண்ணின் குடும்பத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்கச் செய்தார்கள். பேரனோடு அவன் இரண்டு மாதம் பேசவில்லை. அதுவும் நடந்தது, மறைப்பதற்கில்லை.

மோண்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் நடந்ததையும் சொல்லவேண்டும். அங்கே 1993 டிசம்பரில், யூதர்களின் ஹனுக்கா பண்டிகை விளக்குப் படம் ஒட்டியிருந்த ஒரு சிறுவனின் அறை ஜன்னலில் கல்லெறிந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒரு முழுப் பக்கத்துக்கு அந்த விளக்கின் படத்தை அச்சிட்டது. யூதர் அல்லாத ஆயிரக்கணக்கான வீட்டார் அதைத் தங்கள் ஜன்னல்களில் ஒட்டினார்கள். ஹனுக்கா வாழ்த்து எழுதி வைத்த ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் கண்ணாடியும் உடைந்தது. இருந்தும் ஊர் மக்கள் பின்வாங்கவில்லை.

பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். இப்படிப்பட்ட எழுத்தைக் கண்டால் முதலில் புகைப்படம் எடுத்துப் பள்ளிக்குத் தெரிவியுங்கள். அதன்பின் அன்றைக்கே அழித்துவிடச் சொல்லுங்கள். யாரைக் குறிவைத்து எழுதினார்களோ அவர்கள் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். எழுதியவன் சிறுவனானால், தண்டனையோடு பாடமும் கிடைக்கும்படி கேளுங்கள். "நமக்கென்ன, நம்மைப் பற்றி இல்லையே" என்று மட்டும் பிள்ளைகள் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.

தண்டவாளத்தில் விரிசல் மயிரிழையாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் ஒரு துண்டை மாற்றினால் போதும். விட்டுவிட்டால் வண்டியே கவிழும். ஊர் ஊராக மாற்றலாகிப் பிழைக்கும் நமக்கு அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்தைத் தவிர வேறு காவல் ஏது? அதை நாம் பிறருக்குக் கொடுத்தால்தானே நமக்கும் கிடைக்கும்?