முதுமைக்குச் சேர்த்த பொருள் – 9: உச்சவரம்பும் ஆட்சி மாற்றமும்

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல் பிறந்த வரலாற்றைச் சென்ற இதழில் பார்த்தோம். எவ்வளவு சம்பளம் வரைக்கும் கட்டாயமாகச் சந்தா பிடிக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் உச்சவரம்பு, ஆரம்பத்தில் மாதம் 300 ரூபாயாக இருந்து, 1957-இல் 500, 1962-இல் 1,000 என்று ஏறி, 2001 ஜூன் மாதத்தில் 6,500 ரூபாயை எட்டியது. பிறகு, அரிசி விலையும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் ஓயாமல் உயர்ந்துகொண்டிருந்த பதின்மூன்று வருஷ காலம், அது இருந்த இடத்திலேயே இருந்தது.

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் வளாகத்து ரசாயன ஆலையொன்றில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவரின் பி.எப். பாஸ்புக்கைச் சமீபத்தில் பார்த்தேன். மாதத்துக்கு மாதம் அதே மூன்று தொகைகள் அதில் பதிவாகியிருக்கின்றன: அவருடைய பங்கு 1,800 ரூபாய், முதலாளியின் பங்கு 550 ரூபாய், பென்ஷன் நிதிக்கு 1,250 ரூபாய். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து அவர் வாங்குவது இன்றைய வரம்பாகிய 15,000 ரூபாய்க்கு வெகுவாக மேற்பட்டது. ஆயினும் அந்த வரம்புக்குப் பன்னிரண்டு சதவிகிதம் கட்டிவிட்டால் முதலாளியின் சட்டக் கடமை தீர்ந்துவிடுகிறது, அதிலும் 8.33 சதவிகிதம் 1995-ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டத்துக்குப் போய்விடுவதால், மிச்சம் 550 தான். சம்பள உயர்வு ஒப்பந்தங்கள் எத்தனை வந்தாலும் அந்த மூன்று தொகைகளும் அசைவதில்லை.

15,000 என்ற அந்த வரம்பு வந்த விதம் நம் விஷயத்துக்கு மிகவும் முக்கியமானது. அதை உயர்த்தும் யோசனை முந்தைய சர்க்காரின் காலத்திலேயே உருவாகியிருந்தும், 2014 மே மாதத்துத் தேர்தலில் ஆட்சி மாறி, ஜூலை 10-ஆம் தேதி புதிய நிதி மந்திரி அருண் ஜேட்லி தம் முதல் வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்த பிறகே, செப்டம்பர் முதல் தேதியில் அமலுக்கு வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவில் சேமிப்புக்குரிய சலுகையை ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சமாக உயர்த்தியதும், பி.பி.எப். கணக்கில் வருஷத்துக்குக் கட்டக்கூடிய தொகையை அதே அளவுக்கு ஏற்றியதும் அதே திட்டந்தான். குறைந்தபட்சப் பென்ஷன் ஆயிரம் ரூபாய் என்பதும் அந்தச் செப்டம்பரிலேயே நடைமுறைக்கு வந்தது. இவை யாவும் நல்ல காரியங்களே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே உத்தரவில், அன்று முதல் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பென்ஷன் திட்டத்தின் கதவு சாத்தப்பட்டது. பென்ஷனுக்குரிய சராசரிச் சம்பளமும் கடைசிப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பதிலாக அறுபது மாதங்களுக்குக் கணக்கிடப்பட்டது.

இவை எல்லாவற்றிலும் அதிகமாக என் மனத்தை வருத்துவது வேறொன்று. பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி எழுபதால் வகுப்பது இத்திட்டத்தின் கணக்கு. முப்பத்தைந்து வருஷச் சேவைக்கு 6,500 ரூபாய் வரம்பில் 3,250 ரூபாயும், 15,000 ரூபாய் வரம்பில் 7,500 ரூபாயும் வரும். ஆனால் வரம்பு உயர்ந்துவிட்டதால் பழைய தொழிலாளிக்கு முழு 7,500 கிடைத்துவிடாது. 2014 செப்டம்பருக்கு முற்பட்ட அவருடைய சேவை முழுவதும் 6,500 ரூபாய் வரம்பிலேயே கணக்கிடப்படும் என்று விதி சொல்கிறது. அதாவது, சர்க்கார்கள் கை கட்டி நின்ற அந்தப் பதின்மூன்று வருஷத் தாமதம், எந்த ஆட்சி வந்தாலும் அழியாத குறையாக, அவர் வாங்கப்போகும் பென்ஷனில் ஆயுள் முழுவதும் நிலைத்துவிடுகிறது.

அதே சாலையில் தெற்கே சென்று சிதம்பரத்தை அடைந்தால், அங்குள்ள அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு தேதியே வரம்பாக வாய்த்திருக்கிறது. 2003 மார்ச் 31-இல் பணியேற்றவருக்குப் பழைய ஓய்வூதியம்; மறுநாள் ஏப்ரல் 1-இல் பணியேற்றவருக்குச் சம்பளத்தில் பத்து சதவிகிதம் பிடித்தம் செய்யும் பங்களிப்புத் திட்டம். அந்த ஜூலையில் மூண்ட வேலைநிறுத்தத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டதை அவர்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006, 2011, 2021 என மும்முறை சென்னைக் கோட்டையில் ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை. பழைய ஓய்வூதியத்தை மீட்பதாக 2021-இல் வாக்குறுதி தந்து வென்ற சர்க்கார், 2025 பிப்ரவரியில்தான் ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை தாக்கியபோது கடலூர் கலெக்டராக இருந்து இம்மாவட்டத்தாரின் அன்பைப் பெற்றவர் அவர். கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் புதிய திட்டத்தின் அறிவிப்பு 2026 ஜனவரியில், சட்டசபைத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கும்போது, வந்து சேர்ந்தது.

ஆட்சி மாறினால் வரம்பு மாறுமா என்று கேட்போருக்கு, சில வேளை மாறும், பல வேளை மாறாது, மாறினாலும் இழந்த காலம் திரும்பாது என்பதே இவ்விரு ஊர்களின் அனுபவத்திலிருந்து நான் சொல்லக்கூடிய பதில். மத்திய சர்க்கார் ஊழியரின் பஞ்சப்படி, எந்தக் கட்சி ஆண்டாலும், விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஜனவரி, ஜூலை மாதங்களைக் கணக்கிட்டு வருஷத்துக்கு இருமுறை திருத்தப்படுகிறது. அவ்வண்ணமே வைப்பு நிதியின் சம்பள வரம்பும் தானாக உயருமாறு சட்டத்திலேயே விதி செய்வது இயலாத காரியமன்று. வாக்குக் கேட்டு வருகிறவர் எக்கட்சியினராயினும், அவ்விதியை ஆதரிப்பாரா என்று தொழிலாளர் குடும்பங்கள் அவரிடம் அவசியம் கேட்க வேண்டும். வரம்புக்கு மேலும் தம் பங்கை விருப்பச் சந்தாவாகக் கட்டுவதற்குத் தொழிலாளிக்கு இன்றே வழியுண்டு. அதன் விவரத்தை அடுத்த இதழில் எழுதுகிறேன்.