பிறந்தநாள் தெரியாத பிள்ளைக்கு எந்த நாளில் கேக் வெட்டுவது?

ஓடைப்பட்டி என்றதும் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது விதையில்லா திராட்சை. பக்கத்திலேயே விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதன் பழைய கதை ஒன்றும் செய்திகளில் வந்தது. அந்த ரகத்தை 1832-ல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாராம்.

பாதிரிமார் கொண்டுவந்தது திராட்சைக் கொடியை மட்டுமல்ல. இன்று நம்ம ஊர்ப் பள்ளிகளில் நடக்கும் 'ஸ்போர்ட்ஸ் டே'க்குப் பின்னாலும் மிஷன் பள்ளிகளின் கை இருக்கிறது. கூடைப்பந்தை 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கண்டுபிடித்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர். நான்கு வருடம் கழித்து வாலிபாலை உருவாக்கிய வில்லியம் மார்கனும் ஒய்.எம்.சி.ஏ-காரர்தான். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-ல் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரி அதுதான். அங்கே பயிற்சி பெற்ற 'டிரில் மாஸ்டர்'கள் விசிலும் கையுமாக ஊர் ஊராகப் போனார்கள். மே மாதமானால் பெரியகுளத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடக்கிறதே, அந்தப் பைத்தியத்துக்கு விதை எங்கிருந்து வந்தது என்று தேடினால் இந்தக் கதைக்குத்தான் வந்து நிற்க வேண்டும்.

குழந்தைகள் இல்லமும் பள்ளியும் ஒரே வளாகத்தில் இருக்கும் கிறிஸ்தவ நிறுவனங்களில் வருடத்துக்கு இரண்டு நாள் ரொம்ப முக்கியம். ஒன்று, கிறிஸ்துமஸ். நட்சத்திரம் கட்டி, குடில் ஜோடித்து, கேரல் பாடி, புதுத்துணி போட்டு மதியம் பிரியாணி. இன்னொன்று, விளையாட்டு விழா. சுண்ணாம்புக் கோடு, நான்கு நிற பனியன்களில் அணிவகுப்பு, சாக்கு ஓட்டம், லெமன் அண்ட் ஸ்பூன், கடைசியில் கயிறு இழுக்கும் போட்டி. பரிசு பெரும்பாலும் எவர்சில்வர் டிபன் பாக்ஸோ தட்டோதான். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து காட்ட ஓர் ஆள் வேண்டும். இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சிக்கல் தொடங்கும் இடம் அது.

பலரும் நினைப்பதுபோல இல்லங்களில் இருக்கிற எல்லாரும் பெற்றோர் இல்லாதவர்கள் கிடையாது. அப்பா இறந்து, அம்மா விடியற்காலை ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிற குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனையோ. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த அம்மா விளையாட்டு விழாவுக்கு வந்துவிட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளை தரையில் நடக்காது. ஆனால், யாருமே வராத பிள்ளைகளும் அதே மைதானத்தில்தான் ஓடுகிறார்கள்.

காதைத் தொட்டால் ஐந்து வயசு!

பள்ளி மைதானத்தில் ஜெயித்துவிட்டால் அடுத்தது குறுவட்டப் போட்டி. பிறகு வருவாய் மாவட்டம், அதற்கப்புறம் மாநிலம். அங்கே போனால் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்துவிடுவார்கள். காலில் எவ்வளவு வேகம் இருந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, "பிறந்த தேதிக்குச் சான்று எங்கே?"

நம் தாத்தா பாட்டி காலத்தில் இது பெரிய விஷயமே இல்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கத்துக் காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயசு. தேதியை ஹெட்மாஸ்டரே போட்டுக்கொள்வார். வீட்டில் பெரியவர்களின் ஆதார் கார்டுகளை எடுத்துப் பாருங்கள், மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள் கூட்டமாக இருப்பார்கள். பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஹெட்மாஸ்டர் கொடுத்த பிறந்தநாள் அது!

ஒரு வித்தியாசம் உண்டு. தாத்தாவுக்குச் சான்றிதழில் இருப்பது பொய்த் தேதி என்றாலும், "நீ பெரிய மழை பெஞ்ச வருஷம், ஐப்பசியில பொறந்த" என்று சொல்ல ஓர் ஆத்தா இருந்தார். பேருந்து நிலையத்திலோ ரயிலிலோ விட்டுவிட்டுப் போகப்பட்ட பிள்ளைக்கு அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

அப்படியானால் வயதை எப்படித்தான் முடிவு செய்கிறார்கள்? 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 94-வது பிரிவில் வரிசை போட்டுச் சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவச் சோதனை. மணிக்கட்டு போன்ற இடங்களை எக்ஸ்ரே எடுத்து, எலும்புகள் எவ்வளவு இணைந்திருக்கின்றன என்பதை வைத்து டாக்டர்கள் உத்தேச வயதைச் சொல்வார்கள். அதிலும் ஓரிரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம். தேதி எக்ஸ்ரேயில் தெரியாது.

டோனாவூரில் 'வந்த நாள்'

இந்தச் சிக்கலுக்கு நூறு வருடங்களுக்கு முன்பே திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு பெண் அழகான வழி கண்டுபிடித்திருக்கிறார்.

எமி கார்மைக்கேல், அயர்லாந்தில் 1867-ல் பிறந்தவர். 1895-ல் இந்தியா வந்தார். 1901 மார்ச்சில் அவர் பண்ணைவிளையில் இருந்தபோது, கோயிலுக்குப் பொட்டுக்கட்டப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தச் சிறுமி எவ்வளவு பெரிய காரியம் செய்தாள் என்பது புரியும். அவளுக்குப் பின் ஒவ்வொருவராகப் பிள்ளைகள் வந்தார்கள். களக்காடு மலையடிவாரத்தில் இருக்கும் டோனாவூரில் அவர்களுக்கு ஒரு வீடு உருவானது. 1918-லிருந்து ஆண் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். எமியின் மதப்பணி பற்றி வேறு வேறு கருத்துகள் உண்டு, அது தனிக்கதை. பிள்ளைகளை அவர் வளர்த்த விதத்தில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அங்கே வந்த பல குழந்தைகளின் பிறந்தநாள் யாருக்கும் தெரியாது. அதனால், அந்தக் குழந்தை வீட்டுக்கு வந்து சேர்ந்த தேதியையே அதன் நாளாக வைத்துக் கொண்டாடினார்கள். 'வந்த நாள்' என்று அதற்குப் பெயர். நமக்குப் பிறந்தநாள் எப்படியோ, டோனாவூர்ப் பிள்ளைகளுக்கு 'வந்த நாள்' அப்படி.

யோசித்துப் பாருங்கள். மொத்த இல்லத்துக்கும் சேர்த்துக் கிறிஸ்துமஸ் கொண்டாடுவது எளிது. நூறு பேருக்கு ஒரே நிறத்தில் துணி எடுத்துவிடலாம். ஆனால், நூறு பேருக்கும் தனித்தனியாக ஒரு நாள் என்றால், யார் எந்தத் தேதியில் வந்தார்கள் என்று ஒருவர் எழுதிவைத்திருக்க வேண்டும், வருடா வருடம் மறக்காமல் இருக்க வேண்டும். வீட்டில் அம்மாக்கள் செய்கிற வேலை அது.

விளையாட்டையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1917-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் ஓர் இடம் வாங்கினார். வெயில் காலத்தில் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போய், மலை ஓடை தேங்கும் குளத்தில் நீச்சலடிக்க விட்டார். பெண் பிள்ளைகள் நீச்சலடிப்பது இன்றைக்கே பல வீடுகளில் பஞ்சாயத்து ஆகிற விஷயம்! 1931-ல் ஒரு விபத்தில் காயம்பட்டு, அதற்கப்புறம் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தவர், 1951 ஜனவரியில் டோனாவூரிலேயே இறந்தார். கல்லறைக்குக் கல்வெட்டு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி மட்டும் அங்கே இருக்கிறது.

லார்ட்ஸ் வரை போன பிள்ளைகள்

இப்போது சட்டத்துக்கு வருவோம். இல்லங்கள் பிள்ளைகளுக்கு என்னென்ன செய்துதர வேண்டும் என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 53-வது பிரிவு பட்டியல் போடுகிறது. சாப்பாடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். அதே பட்டியலில் விளையாட்டும் கலை நிகழ்ச்சிகளும் இருக்கின்றன. பிறப்புப் பதிவும், அடையாளச் சான்று வாங்க உதவுவதும் இருக்கின்றன. ஆக, ஸ்போர்ட்ஸ் டே நடத்துவது இல்லத்தின் பெருந்தன்மை இல்லை, பிள்ளையின் உரிமை. பிறப்புச் சான்றிதழும் அப்படியே.

ஒரு தாள் எவ்வளவு தூரம் கூட்டிப்போகும் என்பதற்கு 2019 மே மாதம் நடந்ததைச் சொல்லலாம். தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பை அந்த வருடம் இங்கிலாந்தில் நடந்தது. பையன்களும் பெண்களும் கலந்து ஆடும் போட்டி. சென்னையின் கருணாலயா அமைப்பின் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்த 'இந்தியா சவுத்' அணி இறுதிப்போட்டிக்கு வந்து, இங்கிலாந்து அணியைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. ஆட்டம் நடந்த இடம் லண்டன் லார்ட்ஸ் மைதானம். அந்த மைதானத்தில் ஆட வேண்டும் என்ற கனவு நிறைவேறாமலே ஓய்வுபெற்ற இந்திய வீரர்கள் எத்தனையோ பேர்!

கோப்பை எல்லாருக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால் ஒரு போட்டி உண்டு, அது பாஸ்போர்ட் வாங்குவது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு மட்டையும் பந்தும் உதவாது. 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. பெற்றோர் இல்லாத, பிறந்த தேதிக்கு எந்தச் சான்றும் இல்லாத குழந்தைகளுக்கு, இல்லத்தின் தலைவர் தன் லெட்டர்பேடில் தேதியை உறுதிசெய்து கொடுத்தால் போதும் என்றார்கள். ஆனால், 2023 அக்டோபர் 1-ம் தேதியும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்கான சான்று பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டம் மாறியிருக்கிறது. இப்போது தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளுக்கு இல்லங்கள் பிறப்பைப் பதிவு செய்யாமல் விட்டால், பதினான்கு வருடம் கழித்து மாவட்ட அளவிலான ஓட்டப்பந்தயத்தின் வாசலில் அது தெரியவரும்.

2023-ல் இதே உலகக் கோப்பை சென்னையிலேயே நடந்தது. பல நாட்டுப் பிள்ளைகள் நம்ம ஊர் வெயிலில் வந்து ஆடிவிட்டுப் போனார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

உங்கள் பிறந்தநாளா, அவர்கள் பிறந்தநாளா?

இதைப் படிக்கிறவர்களில் பலர் தங்கள் பிறந்தநாளையோ, பிள்ளையின் முதல் பிறந்தநாளையோ ஓர் இல்லத்தில் சாப்பாடு போட்டுக் கொண்டாடியிருப்பீர்கள். நல்ல மனசுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஒருவேளைச் சாப்பாட்டை நம்பி மாதக் கணக்கைச் சமாளிக்கும் இல்லங்களும் உண்டு. ஆனால், வாரத்துக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவருக்கு 'ஹேப்பி பர்த்டே' பாடிக் கைதட்டும் பிள்ளையின் பக்கத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் தேதி தெரியாது என்றால்?

அப்புறம் செல்போன். கேக் ஊட்டும்போது செல்ஃபி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகம், பள்ளி என அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 74-வது பிரிவு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தக் கட்டுரையில் எந்தப் பிள்ளையின் பெயரும் படமும் இல்லாததற்கும் அதுதான் காரணம். நாளைக்கு அந்தப் பெண் கல்லூரி சேர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணம் பேசும் நேரத்தில், என்றைக்கோ யாரோ போட்ட 'ஆதரவற்ற குழந்தைகளுடன் நான்' என்ற வீடியோ அவள் முன்னால் வந்து நிற்க வேண்டுமா?

அடுத்தமுறை இல்லத்துக்குப் போன் செய்து "எத்தனை பேருக்குச் சாப்பாடு?" என்று கேட்கும்போது, கூடவே இன்னொன்றும் கேட்டுப்பாருங்கள்: "இந்த மாசம் யாருக்காவது பிறந்தநாள் வருதா சிஸ்டர்?" வருகிறதென்றால் கேக்கில் உங்கள் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரையும் எழுதச் சொல்லலாம். பேக்கரியில் அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை. யாருக்கும் தேதி தெரியவில்லை என்று பதில் வந்தால், அவர்கள் வந்து சேர்ந்த நாளைக் கேளுங்கள். அது இல்லத்தின் பதிவேட்டில் கட்டாயம் இருக்கும்.

விளையாட்டு விழாவுக்கும் போகலாம். மேடையில் சால்வை வாங்கத்தான் போக வேண்டும் என்றில்லை. கோட்டின் அந்தப் பக்கம் நின்று, எவர்சில்வர் தட்டோடு ஓடி வரும் பிள்ளையிடம் "எங்க காட்டு, பார்ப்போம்" என்று கேட்க ஆள் தேவைப்படுகிறது.