அடியில் கிடக்கும் கல்

தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலை நெருங்கும் பகுதியில் கொற்கை என்னும் சிற்றூர் உள்ளது. பாண்டியரின் பழைய துறைமுகம் இதுவே. அலைகள் இத்துறையில் எறிந்த முத்துகள், அவ்வழியே சென்ற குதிரைகளின் காலை வடுப்படுத்தி நடையைத் தடுத்தன என்று அகநானூற்றுப் புலவர் ஒருவர் பாடியுள்ளார். புலவர் கருதியது கொற்கையின் செல்வ வளம். சாலை அமைக்கும் தொழிலறிந்தோர் அச்செய்தியில் வேறோர் உண்மையையும் காண்பர். உருண்டையான பொருள் எத்துணை விலை உயர்ந்ததாயினும் வழிக்கு உதவாது. அது காலின்கீழ் உருளும். ஒன்றோடொன்று பிணைந்து நில்லாது.

இன்று அப்பகுதியில் மோட்டார் வண்டி வைத்திருக்கும் இல்லத்தார், தெருவிலிருந்து வீட்டு முகப்பு வரையில் வண்டி செல்வதற்கு ஒரு வழி அமைக்க விரும்புகின்றனர். மேலே பதிக்கும் கல்லின் வண்ணத்தையும் வடிவத்தையும் நெடுநேரம் ஆராய்கின்றனர். அடியில் என்ன இடுவது என்ற வினா எழும்போது, அருகில் கிடைக்கும் மண்ணைக் கொட்டி நிரப்பினாற் போதும் என்று முடித்துவிடுகின்றனர். இரண்டு மழைக்காலம் கழிந்தபின் சக்கரம் செல்லும் தடங்கள் வாய்க்கால்போலத் தாழ்ந்துவிடுகின்றன. அப்போது மேற்கல்லைப் பழிப்பர். பிழை மேற்கல்லில் இல்லை.

மேற்பரப்புக்கும் இயற்கை மண்ணுக்கும் இடையில் இடப்படும் கல்லடுக்கை அடிப்படுகை எனலாம். அதன் தொழில் யாது? ஏறக்குறைய 1000 கிலோ எடையுள்ள சிறிய வண்டி ஒன்று நிற்கிறது. அதன் நான்கு சக்கரங்களும் நிலத்தைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஓர் உள்ளங்கை அளவே. ஆகவே ஓர் உள்ளங்கை அளவு மண்மீது 250 கிலோ அழுத்துகிறது. ஈர மண் இதனைத் தாங்காது. நடுவே கல்லடுக்கு இருக்குமாயின், மேற்கல் ஒன்று தன்கீழ் உள்ள இரண்டு மூன்று கற்களின்மேல் சுமையை இறக்கும். அவை தத்தமக்குக் கீழுள்ள கற்களின்மேல் இறக்கும். இவ்வாறு சுமை விரிந்து விரிந்து சென்று, மண்ணைச் சேரும்போது பல மடங்கு பரப்பில் பரவிவிடும். இதற்குக் கற்கள் கோணமுடையனவாக இருத்தல் வேண்டும். உடைத்த கல்லின் கூர்முனைகள் ஒன்றன் இடுக்கில் ஒன்று புகுந்து இறுகும். ஆற்றிலோ கடலிலோ உருண்ட கூழாங்கல் விலகி ஓடும்.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் லௌடன் மக்காடம் (1756–1836). அவர் காலத்தவராகிய டெல்போர்டு, பெருங்கற்களைக் கையால் அடுக்கி அதன்மேல் சாலை அமைத்தார். அவ்வளவு பெருங்கல் தேவையில்லை என்றார் மக்காடம். ஏறக்குறைய 170 கிராமுக்கு மேற்படாத உடைகற்களே போதும் என்றும், அடிமண் உலர்ந்திருக்கும் வரையில் அதுவே எச்சுமையையும் தாங்கும் என்றும் அவர் கருதினார். நம் நாட்டில் கப்பிச்சாலை என வழங்குவது அவர் முறையே. அவர் தம் வாழ்நாளெல்லாம் போராடியது தண்ணீரோடு என்று கூறுவது பொருந்தும்.

கொற்கைப் பகுதியில் அப்போராட்டம் கடுமையானது. முற்காலத்தில் கடல்துறையாக இருந்த இவ்வூர், ஆறு கொணர்ந்த வண்டல் படிந்து படிந்து, இப்போது கடலுக்கு 6 அல்லது 7 கிலோமீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. 1968–69 ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்தபோது செங்கற் கட்டுமானமும் சுடுமண் உறைகளும் சங்குத் துண்டுகளும் வெளிப்பட்டன. கால்வாயும் குளமும் நிறைந்த இவ்வண்டல் நிலத்தில் நீர் ஆழத்தில் இல்லை. விளக்குத் திரி எண்ணெயை மேலே ஈர்ப்பது போல, நுண்ணிய வண்டல் அடிநீரை மேலே ஈர்க்கும். கடலோரத்தில் அந்நீரோடு உப்பும் ஏறும். நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிப் படிகமாகி வளரும். உப்பளக் கரையிலுள்ள பழஞ்சுவர்களின் அடிச்செங்கல் மாவாய் உதிர்வது இதனாலேயே. ஆதலால், செங்கல் உடைத்த சல்லியை உள்நாட்டார் வழிக்கு அடியில் இடுவது கண்டு கடலோரத்தாரும் அவ்வாறே செய்வது தக்கதன்று. பருங்கல் இட்டால் கற்களுக்கிடையே இடைவெளி பெரிதாகையால் நீர் மேலேற வழியில்லாமற் போகும்; மேலிருந்து இறங்கும் மழைநீரும் தேங்காமல் வடிந்துவிடும்.

மாவட்டத்தின் வடபகுதிக்குச் சென்றால் நிலம் வேறு. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கங்களில் கரிசல் மண். அது மழையில் உப்பிக் கோடையில் கைந்நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மீது நேரே கல்லைக் கொட்டினால், ஈரக்காலத்தில் கல் சேற்றுள் அமிழும். சேறு கல்லிடுக்கில் ஏறும். மண்ணை ஓரளவு அகழ்ந்து நீக்குதல், அல்லது சுண்ணாம்பு கலந்து அதன் உப்புந்தன்மையைக் குறைத்தல் அங்குத் தேவை. தென்னை நாரால் நெய்த பாயை மண்ணுக்கும் கல்லுக்கும் இடையில் விரிப்பதும் உண்டு. நாட்டுப்புறச் சாலைகளில் இப்பாயைப் பயன்படுத்த 2020 இல் இந்திய அரசு இசைவளித்தது. தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகளில் உள்ள செம்மணலோ காற்றால் உருட்டப்பட்டு நுண்ணியதாயிற்று. காண்பதற்கு அழகிய அம்மணல், உலர்ந்தால் கைவிரலிடையே ஒழுகும். அதனைச் செம்மண் சரளை என்று மயங்கி வாங்குவோர் உளர். சரளை வேறு, அதில் கல்லும் மணலும் சிறிதளவு களியும் கலந்திருக்கும். கையில் ஈரத்தோடு பிசைந்தால் சரளை உருண்டையாகி நிற்கும்; உலர்ந்தபின் தேரிமணல் உதிர்ந்துவிடும்.

இனிக் கடல் தந்த கல்லைப் பற்றிக் கூறவேண்டும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, கரைக்கு அணித்தாக 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்தன. அவற்றைச் சூழ்ந்து வளர்ந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுகளாகப் படகுகளில் பெயர்த்துவந்து, சுவர் எழுப்பவும் கடைக்கால் நிரப்பவும் சுண்ணாம்பு சுடவும் பயன்படுத்தினர். கருங்கல்லை மேற்கிலிருந்து வண்டியேற்றிக் கொணரும் செலவை நோக்க, கடற்கல் மலிவு. அது தீய பொருளும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் உடைத்த பவளக்கல்லைப் பரப்பி உருட்டியே விமான ஓடுபாதைகள் அமைத்தனர். கனத்த விமானங்களை அவை தாங்கின.

ஆயினும் பவளப்பாறை வெறுங்கல் அன்று. சிற்றுயிர்கள் கூடிச் சுண்ணத்தால் கட்டிய வீடு அது. பெரும்பாறையாய்த் திரளும் வகை, ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே உயரும். ஒரு படகுச் சுமையாகப் பெயர்த்த பாறை மீண்டும் வளர்வதற்கு ஒருவன் வாழ்நாள் போதாது. பாறை போனபின் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமையால், தீவின் மணலைக் கடல் அரித்தது. தூத்துக்குடியை அடுத்த விலாங்குச்சல்லியும், கீழக்கரையை அடுத்த பூவரசன்பட்டியும் நீருள் மறைந்தன. உடைந்த சிறு கல்லைக் குறிக்கும் சல்லி என்னும் சொல் அத்தீவின் பெயரிலேயே இருந்தது. இன்று பெயர் உண்டு, தீவு இல்லை. இக்கடற்பகுதி 1986 இல் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001 இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுத்தல் குற்றமாகும். சுருங்கிவந்த வான்தீவைக் காப்பதற்காக, அண்மைக் காலத்தில் அதன் கடற்புறத்தில் கான்கிரீட்டால் ஆன செயற்கைத் திட்டுகளை இறக்கினர். பாறையை எடுப்பதற்கு ஆன செலவு சிறிது. அதன் பணியைச் செய்விப்பதற்கு ஆகும் செலவு பெரிது.

எனவே இக்கரையில் வீடு கட்டுவோர்க்குத் தக்கது, உடைத்த கருங்கற் கப்பியே. பருங்கல், நடுக்கல், கல்தூள் ஆகிய மூன்றும் கலந்திருத்தல் வேண்டும். ஒரே அளவான கல் எவ்வளவு அழுத்தினும் அசையும். தூள் மிகுந்தாலும் தீங்கே. அது மீண்டும் திரியாகி நீரை ஈர்க்கும். கப்பியின் விலை எட்டாதவர்க்கு வேறு வழியும் உண்டு. இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்த சல்லி, ஏறக்குறைய அத்துணை உறுதியாகவே நிற்கும். மரத்துண்டும் ஓடும் காரையும் களைந்து வாங்குதல் வேண்டும். இத்தகைய இடிபாடுகளைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதற்கு 2016 இல் இந்திய அரசு விதிகள் வகுத்தது. கரிசற் பகுதியினர்க்குத் தம் மண்ணின் கீழேயே சுக்கான்கல் உண்டு. வட இந்தியப் பெருஞ்சாலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வகைக் கல்லாலேயே இறுக்கப்பட்டது.

கல்லைத் தேர்ந்தபின் இடும் முறையிலும் கருத்து வேண்டும். உறுதியான நிலமாயின் 15 சென்டிமீட்டர் கனம் போதும். களியாயின் 30 வரையிலும் செல்லலாம். முழுவதையும் ஒருமிக்கக் கொட்டினால் திமிசுக்கட்டையின் அடி மேலோடு நின்றுவிடும். ஆகவே மெல்லிய அடுக்காகப் பரப்பி, நீர் தெளித்து, இறுக்கியபின்னரே அடுத்த அடுக்கை இடவேண்டும். நடுவே சற்று உயர்ந்து இருபுறமும் சரியும்படி, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் சாய்வு விடுதல் நன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தபோது, அப்பகுதியில் பல சாலைகள் அடி அரிக்கப்பட்டுச் சிதைந்தன. அத்தகைய வெள்ளத்துக்கு எவ்வழியும் முழுதும் ஈடுகொடாது. எனினும் ஐப்பசி, கார்த்திகைப் பருவமழைக்கு ஈடுகொடுக்கும்படி செய்யலாம்.

அவசரம் இல்லாதவர்கள், அடிப்படுகையை இறுக்கியபின் மேற்கல் பதியாமல் ஒரு மழைக்காலம் வண்டியை அதன்மேலேயே ஓட்டிப் பார்ப்பர். நீர் எங்கே தேங்குகிறது, சக்கரம் எங்கே அமிழ்கிறது என்பது அப்போது வெளிப்படும். அவ்விடங்களில் மட்டும் ஒரு கூடை, இரண்டு கூடை கப்பி இட்டுத் திமிசால் அடித்து, மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்தபின் மேற்கல்லைப் பதிப்பர்.