ஃபிரிட்சியெல்லா

ஃபிரிட்சியெல்லா என்பது ஈர மண்ணில் வாழும் பச்சைப்பாசிப் பேரினம் ஆகும். இது குளோரோபைட்டா தொகுதியில், குளோரோபைசியே வகுப்பில், கீட்டோபோரேல்ஸ் வரிசையில் அடங்குகிறது. தென்னிந்தியாவில் சேகரிக்கப்பட்ட மாதிரிகளைக் கொண்டு சென்னைப் பாசியியலாளர் மண்டயம் ஓசூரி பார்த்தசாரதி அய்யங்கார் 1932 ஆம் ஆண்டில் இப்பேரினத்தை முதன்முதலாக விவரித்தார். இதன் வகை இனம் ஃபிரிட்சியெல்லா டியூபரோசா ஆகும். நிலத்தாவரங்கள் எத்தகைய பாசியிலிருந்து தோன்றியிருக்கக்கூடும் என்பதற்கு எடுத்துக்காட்டாக இது நெடுங்காலம் காட்டப்பட்டு வந்தது. உயிரணுப் பிரிவு பற்றிய நுண்ணோக்கி ஆய்வுகளும் மரபணு ஒப்பீடுகளும் பின்னர் அக்கருத்தைக் கைவிடச் செய்தன.

பெயரும் கண்டுபிடிப்பும்

பேரினப் பெயர், இலண்டனில் பணியாற்றிய பாசியியலாளர் ஃபீலிக்ஸ் யூஜின் ஃபிரிட்சைச் (1879–1954) சிறப்பிக்கும் வகையில் இடப்பட்டது. பாசிகளின் அமைப்பும் இனப்பெருக்கமும் பற்றி 1935, 1945 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அவரது இரு தொகுதி நூல், அத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. இலங்கையின் பாசிகளையும் ஆராய்ந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய அய்யங்கார் (1886–1963), இலண்டனில் ஃபிரிட்சின் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். எனவே இப்பெயர் மாணவர் தம் ஆசிரியருக்கு அளித்த மரியாதையும் ஆகும். அய்யங்கார் இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படுகிறார். இனப்பெயரான டியூபரோசா என்பது 'கிழங்கு போன்ற' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். மண்ணுக்குள் இருக்கும் உயிரணுக் கொத்துகளின் தோற்றத்தை இது குறிக்கிறது.

பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர். என். சிங், 1941 இல் இதன் வாழ்க்கை வட்டத்தையும் சூழலியலையும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பாடநூல்களில் இன்று காணப்படும் விவரங்கள் பெரும்பாலும் இவ்விருவரின் ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவையே.

வாழிடம்

பெரும்பாலான பச்சைப்பாசிகள் நீரில் வாழ்பவை. ஃபிரிட்சியெல்லாவோ நீர் வற்றிய பின் ஈரம் மீந்திருக்கும் மண்ணில் வளர்கிறது. மழைநீர்க் குட்டைகள், குளங்கள் ஆகியவற்றின் வண்டல் படிந்த தரையில், நீர் இறங்கியதும் இது பச்சைப் படலமாகத் தோன்றும். மண் முற்றிலும் காய்ந்ததும் மேற்பகுதி மறைந்துவிடும். கொங்கு நாட்டில் நொய்யலாற்றுப் பாசனக் குளங்களைக் கோடையின் தொடக்கத்தில் பார்த்தவர்களுக்கு இத்தகைய சூழல் புதியதன்று. நீர் விளிம்பு நாள்தோறும் பின்வாங்க, அதன் பின்னே முதலில் சேறும், அடுத்து ஈர வண்டலும், கடைசியாகப் பாளம் பாளமாக வெடித்த தரையும் காணப்படும். இவற்றுள் நடுவிலுள்ள ஈர வண்டல் பகுதியே இப்பாசி போன்றவற்றுக்கு ஏற்ற இடம்.

ஆகவே குளம் நிரம்புவதைப் போலவே வற்றுவதும் இவ்வகை உயிரினங்களுக்கு இன்றியமையாதது. கழிவுநீர் கலந்து ஆண்டு முழுவதும் நீர் தேங்கி நிற்கும் நகர்ப்புறக் குளங்களில், பார்வைக்கு நீர்வளம் இருந்தாலும், இந்த ஈர வண்டல் கட்டம் நிகழ்வதே இல்லை.

உடலமைப்பு

ஃபிரிட்சியெல்லாவின் உடல் சில மில்லிமீட்டர் அளவே உடையது. ஆயினும் அதில் நான்கு பகுதிகளை வேறுபடுத்திக் காணலாம். மண்ணுக்குள் கீழ்நோக்கிச் செல்லும் நிறமற்ற வேரிகள் (வேர் போன்ற இழைகள்) முதற்பகுதி. அவற்றின் மேலே, மண்ணின் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே, கிடைமட்டமாகப் படர்ந்த பகுதி உள்ளது. இதிலுள்ள உருண்டையான உயிரணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட தளங்களில் பிரிவதால் கொத்துகளாக அமைகின்றன. கொத்துகளிலிருந்து மேல்நோக்கி எழும் குட்டையான கிளைகள் மண்ணின் மேற்பரப்பை எட்டுகின்றன. இவை முதல்நிலை எழுபகுதி எனப்படும். அவற்றிலிருந்து காற்றில் நீளும் பச்சை நிறக் கிளைத்த இழைகள் இரண்டாம்நிலை எழுபகுதி ஆகும். ஒளிச்சேர்க்கையின் பெரும்பங்கு இக்கடைசிப் பகுதியில் நிகழ்கிறது.

ஒவ்வோர் உயிரணுவிலும் ஓர் உட்கருவும், சுவரை ஒட்டி வளைந்த பட்டை வடிவப் பசுங்கணிகமும் உள்ளன. பசுங்கணிகத்தில் மாவுப்பொருள் திரளும் மையங்களான பைரினாய்டுகள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும்.

படர்ந்த பகுதி, நிமிர்ந்த பகுதி என ஒரே உடலில் இருவகை இழைகள் அமைவது 'இருவகை இழைத்தன்மை' என அழைக்கப்படுகிறது. ஸ்டிஜியோகுளோனியம் போன்ற நீர்வாழ் உறவினங்களிலும் இவ்வமைப்பு உண்டு. ஆனால் மண்ணுக்குள் ஒரு பகுதியும் காற்றில் ஒரு பகுதியுமாகப் பிரிந்து, வேரும் தண்டும் போலப் பணிகளைப் பகிர்ந்துகொள்வது ஃபிரிட்சியெல்லாவின் தனித்தன்மை.

இனப்பெருக்கம்

பாலிலா இனப்பெருக்கம் நான்கு கசையிழைகளைக் கொண்ட இயங்குவித்திகள் மூலம் நடைபெறுகிறது. பாலினப்பெருக்கத்தில், இரண்டு கசையிழைகளைக் கொண்டதும் உருவில் ஒத்ததுமான பாலணுக்கள் இணைந்து கருவணுவாகின்றன. கருவணு முளைத்து இருமடியத் தாவரமாக வளர்கிறது. அதில் ஒடுக்கற்பிரிவின் பின் உருவாகும் இயங்குவித்திகள் ஒருமடியத் தாவரங்களைத் தருகின்றன. இவ்விரு தலைமுறைகளும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

வறட்சியைத் தாண்டுவதற்கு மண்ணுக்குள் இருக்கும் கொத்துகளே உதவுகின்றன. இவற்றின் உயிரணுக்கள் உணவைச் சேமித்துச் சுவரைத் தடிப்பாக்கிக்கொண்டு உறங்குநிலையில் இருந்து, அடுத்த ஈரப்பருவத்தில் புதிய இழைகளைத் தோற்றுவிக்கின்றன. கோரைக்கிழங்கு கோடையைக் கடப்பதும் ஏறத்தாழ இவ்வாறே என்பதால் டியூபரோசா என்ற பெயர் பொருத்தமானதே.

நிலத்தாவரங்களின் மூதாதையா?

நிலத்தாவரங்கள் பச்சைப்பாசிகளிலிருந்து தோன்றின என்பதில் ஐயமில்லை. இரண்டிலும் ஒரே வகைப் பச்சையங்கள் உள்ளன. இரண்டும் மாவுப்பொருளைப் பசுங்கணிகத்தினுள்ளேயே சேமிக்கின்றன. எந்தப் பச்சைப்பாசிக் கிளையிலிருந்து தோன்றின என்பதே கேள்வி.

ஃபிரிட்ச் இக்கேள்வியை 1916 ஆம் ஆண்டிலேயே எழுப்பியிருந்தார். இருவகை இழைத்தன்மை கொண்ட ஒரு பச்சைப்பாசியின் நிமிர்ந்த பகுதி வளர்ச்சியுற்று நிலத்தாவர உடலாக மாறியிருக்கலாம் என்பது அவர் வளர்த்தெடுத்த கருத்து. அய்யங்கார் கண்டறிந்த பாசி இக்கருத்துக்கு மிகவும் பொருந்தியது. மண்ணில் வாழ்வு, வேரிகள், திசு போன்ற கொத்துகள், காற்றில் எழும் கிளைகள், தலைமுறை மாற்றம் எனத் தேவைப்பட்ட யாவும் ஒரே உயிரினத்தில் இருந்தன. இதனால் இந்தியப் பல்கலைக்கழகங்களின் தாவரவியல் பாடத்திட்டங்களில் ஃபிரிட்சியெல்லா நிலையான இடத்தைப் பெற்றது.

இக்கருத்தை மாற்றியது, வெளித்தோற்றம் பற்றிய புதிய செய்தி எதுவுமன்று. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் விதமே. நிலத்தாவரங்களில் உட்கரு பிரிந்த பின்னரும் கதிர் இழைகள் மறைவதில்லை. அவற்றின் எச்சமான நுண்குழல்கள், புதிய சுவர் அமையவிருக்கும் தளத்திற்குச் செங்குத்தாக நின்று சுவர்ப்பொருளை வழிநடத்துகின்றன; இவ்வமைப்பு பிராக்மோபிளாஸ்ட் எனப்படும். குளோரோபைசியே வகுப்புப் பாசிகளில் கதிர் இழைகள் விரைவில் மறைந்து, இரு உட்கருக்களும் நெருங்கி வர, அவற்றுக்கிடையே புதிய நுண்குழல்கள் பிரிதளத்திற்கு இணையாகக் கிடக்கின்றன. இது பைக்கோபிளாஸ்ட் எனப்படும்.

1967 இல் மெக்பிரைடு என்பவர் ஃபிரிட்சியெல்லாவின் உயிரணுப் பிரிவை எதிர்மின்னி நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, நிலத்தாவரங்களில் உள்ளது போன்ற உயிரணுத் தட்டு உருவாவதைக் கண்டார். முதற்பார்வையில் இது பழைய கருத்துக்கு வலுச் சேர்ப்பதாகவே இருந்தது. ஆனால் தட்டை ஒட்டியிருந்த நுண்குழல்கள் கிடந்த திசை வேறு. 1970களின் தொடக்கத்தில் பிக்கெட்-ஹீப்ஸ், ஸ்டூவர்ட், மேட்டாக்ஸ் முதலியோர் பல பச்சைப்பாசிகளை ஒப்பிட்டு, கீட்டோபோரேல்ஸ் வரிசையில் உள்ளது பைக்கோபிளாஸ்ட் வகை என்றும், கோலியோகீட், காரா முதலியவற்றில் உள்ளதே நிலத்தாவர வகை என்றும் காட்டினர். 1975 இல் மெல்கோனியன் வெளியிட்ட இயங்குவித்திகளின் நுண்ணமைப்பு ஆய்வும் இதையே உறுதி செய்தது. ஒளிச்சுவாசத்தில் கிளைக்கோலேட்டைக் கையாளும் நொதியும் இவ்விரு கிளைகளிலும் வேறுபடுகிறது.

ஒரே ஒரு பண்பை மட்டும் நம்புவதும் சரியன்று. வால்பாறை போன்ற மலைப்பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் அறியப்பட்ட செந்துரு நோயை உண்டாக்கும் செஃபலியூரோஸ் என்ற பச்சைப்பாசியில் பிராக்மோபிளாஸ்ட் அமைப்பு இருப்பது 1980களில் கண்டறியப்பட்டது. எனினும் அது நிலத்தாவரங்களுக்கு நெருங்கிய உறவினம் அன்று. அதுவும் குளோரோபைட்டா கிளையைச் சேர்ந்ததே. உயிரணுப் பிரிவு, கசையிழைகளின் வேர் அமைப்பு, நொதிகள், மரபணு வரிசைகள் ஆகிய பல சான்றுகள் ஒரே திசையைக் காட்டியதாலேயே ஃபிரிட்சியெல்லாவின் இடம் ஐயமின்றி முடிவு செய்யப்பட்டது.

இன்றைய வகைப்பாட்டில் பசுமைத் தாவரங்கள் குளோரோபைட்டா, ஸ்ட்ரெப்டோபைட்டா என்னும் இரு பெருங்கிளைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஃபிரிட்சியெல்லா முதற்கிளையிலும், நெல், தென்னை, பாசம் உள்ளிட்ட நிலத்தாவரங்கள் அனைத்தும் இரண்டாம் கிளையிலும் உள்ளன. நிலத்தாவரங்களின் மிகப் பழைய வித்திச் சான்றுகள் ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகள் பழமையானவை. இக்கிளைகள் பிரிந்தது அதற்கு வெகுமுன்னர். ஆகவே வேரிகளும் நிமிர்ந்த கிளைகளும் இரு கிளைகளிலும் தனித்தனியே தோன்றியவை. இது ஒருங்குபடிவளர்ச்சி எனப்படும். வௌவாலின் இறகும் பறவையின் இறகும் ஒரே தேவைக்காகத் தனித்தனியே தோன்றியதை இதற்கு ஒப்பிடலாம்.

நிலத்தாவரங்களுக்கு மிக நெருங்கிய பாசிக்குழு எது என்பதிலும் எதிர்பாராத விடையே கிடைத்தது. உடலமைப்பில் சிக்கலான காரா முதலியவையே நெருங்கியவை என 2001 இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று கருதியது. ஆனால் 2014, 2019 ஆண்டுகளில் வெளியான பெரிய அளவிலான ஆய்வுகள், ஸ்பைரோகைரா அடங்கிய சிக்னெமட்டோபைசியே வகுப்பையே சுட்டுகின்றன. கிணறுகளிலும் வாய்க்கால்களிலும் தலைமயிர் போல வழுவழுப்பாக மிதக்கும் ஸ்பைரோகைராவுக்குப் படரும் பகுதியும் இல்லை, நிமிரும் பகுதியும் இல்லை, கிளைகூட இல்லை. வரப்போரத்தில் மிதக்கும் அதுவே வயலிலுள்ள நெற்பயிருக்கு ஃபிரிட்சியெல்லாவைவிட நெருங்கிய உறவினம்.

தற்கால ஆய்வுகள்

கீட்டோபோரேல்ஸ் வரிசையின் உட்பிரிவுகள் மூலக்கூற்றுச் சான்றுகளின் அடிப்படையில் மாற்றியமைக்கப்பட்டு வருகின்றன. மரபாகக் கீட்டோபோரேசியே குடும்பத்தில் வைக்கப்பட்ட பேரினங்கள் யாவும் ஒரே குலத்தவை அல்ல எனத் தெரியவந்துள்ளது. ஃபிரிட்சியெல்லாவின் வேதியியலும் ஆராயப்பட்டுள்ளது. இதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புதிய கரோட்டினாய்டு நிறமி ஒன்றின் மூலக்கூற்று அமைப்பு 1978 இல் சுவிட்சர்லாந்தின் வேதியியல் ஆய்விதழில் வெளியிடப்பட்டது. அந்நிறமிக்கு ஃபிரிட்சியெல்லாசாந்தின் என்று பெயர்.