மிஞ்சிய இருவர்

பந்தும் பணமும் – 9

வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், கோதுமை விளையும் குன்றுகளுக்கு நடுவே இருக்கிறது கோல்ஃபாக்ஸ் என்ற சிற்றூர். 2023 நவம்பர் 14 அன்று அங்குள்ள நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து பத்துப் பேர் கிளம்பிவிட்டால், சாவி யாரிடம் இருக்க வேண்டும்? வழக்கின் சாரம் இதுதான்.

அந்த வீட்டின் பெயர் பேக்-12 கான்ஃபரன்ஸ். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பல்கலைக்கழகங்கள் இப்படிக் கான்ஃபரன்ஸ்களாகச் சேர்ந்து ஆடுகின்றன. டிவி உரிமையைச் சேர்ந்தே விற்று, வரும் பணத்தைப் பங்கிடுகின்றன. தொடக்கத்தில் அவற்றைச் சேர்த்து வைத்தது அக்கம்பக்கம் என்ற ஒன்றுதான். 1915 டிசம்பரில் போர்ட்லண்ட் நகரத்து ஓட்டல் ஒன்றில் மேற்குக் கரையின் நான்கு பல்கலைக்கழகங்கள் கூடிப் போட்ட விதைதான் பேக்-12 ஆக வளர்ந்தது.

சென்ற வாரம் 1984-ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பார்த்தோம். டிவி ஒளிபரப்பின் மீது, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த பிடியை 7-க்கு 2 என்ற கணக்கில் அது தளர்த்தியது. ஏற்க மறுத்த இருவரில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பழைய ஃபுட்பால் நட்சத்திரம் அவர். கல்லூரி விளையாட்டைக் கல்வியோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்று எழுதினார். அவர் குரல் எடுபடவில்லை. அதன்பின் பணம் வந்த வழியில் கான்ஃபரன்ஸ்களின் எல்லைகளும் நகரத் தொடங்கின.

2021-இல் டெக்சஸும் ஓக்லஹோமாவும் தென்கிழக்கின் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸுக்குப் போக முடிவெடுத்தன. எதிரணியான பிக் டென் கான்ஃபரன்ஸ் சும்மா இருக்கவில்லை. 2022 ஜூன் 30 அன்று, லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. இரண்டையும் பேக்-12-இலிருந்து இழுத்துக்கொண்டது. அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமே கைவிட்டுப் போன பின் பேக்-12 எதை விற்கும்? ஓராண்டு கடந்தும் நல்ல டிவி ஒப்பந்தம் அமையவில்லை. 2023 ஜூலையில் கொலராடோ தன் பழைய கான்ஃபரன்ஸான பிக்-12-க்குத் திரும்பியது. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிள் நிறுவனத்தின் இணைய ஒளிபரப்புத் திட்டம் மட்டுமே.

ஆகஸ்ட் 4 அன்று அதுவும் நழுவியது. ஓரிகானும் வாஷிங்டனும் மற்ற உறுப்பினர்களின் பங்கில் ஏறக்குறைய பாதிக்கே சம்மதித்து பிக் டென்னில் சேர்ந்தன. அதே நாளில் அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக்-12-க்குப் போயின. செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியின் கலிஃபோர்னியாவும் அட்லான்டிக் கரையின் ஏ.சி.சி.யில் இடம் பிடித்தன. பசிபிக் கரையில் இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அட்லான்டிக் முகவரி!

மிஞ்சியவை இரண்டு. கோர்வாலிஸ் ஊரின் ஓரிகான் ஸ்டேட், புல்மன் ஊரின் வாஷிங்டன் ஸ்டேட். இரண்டும் வேளாண் கல்லூரிகளாக வளர்ந்தவை. இரண்டும் சிற்றூர்களில் இருப்பவை. அவற்றின் ஆட்டத்தில் குறையில்லை. அவற்றைச் சுற்றி டிவி பார்க்கும் வீடுகள்தான் குறைவு.

அந்த இரண்டும்தான் கோல்ஃபாக்ஸ் நீதிமன்றத்தின் படியேறின. விலகப் போவதாக அறிவித்த உறுப்பினருக்கு நிர்வாகக் குழுவில் இடமில்லை என்பது கான்ஃபரன்ஸின் விதி. யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் கிளம்பியபோது அந்த விதியைச் சொல்லித்தான் அவற்றை வெளியே நிறுத்தினார்கள். நீதிபதி கேரி லிபி இருவர் பக்கம் நின்றார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. கான்ஃபரன்ஸின் பெயரும் சொத்தும் அவர்களிடமே நின்றன.

ஆனால் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபின் மேசையில் அவர்கள் கை தாழ்ந்துபோனது. 2024 முதல் பன்னிரண்டு அணிகள் ஆடும் பிளேஆஃபில், தரவரிசையில் முந்தும் ஆறு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் உறுதி என்றிருந்தது. பேக்-12 சிதறியதும் அதை ஐந்தாகக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும். பேக்-12 சார்பில் அங்கே உட்கார்ந்திருந்தவர் வாஷிங்டன் ஸ்டேட்டின் தலைவர் கிர்க் ஷூல்ஸ். அவர் அவகாசம் கேட்டார். 2024 பிப்ரவரியில் இசைந்தார். அடுத்த மாதமே வேறொரு கணக்கும் முடிவானது. 2026 முதல் பிளேஆஃப் பணத்தில் ஏறக்குறைய 58 விழுக்காடு பிக் டென், எஸ்.இ.சி. இரண்டுக்குமே போகும். பிளேஆஃப் எப்படி நடக்க வேண்டும் என்பதிலும் அவற்றின் சொல்லே ஓங்கி நிற்கும்.

இந்தப் பங்கீட்டில் எந்தக் கூட்டத்துக்கும் அழைக்கப்படாதவர்களை நினைத்துத்தான் எனக்கு மனம் ஆறவில்லை. ஃபுட்பாலுக்காகப் போட்ட ஒப்பந்தம் வாலிபால், சாஃப்ட்பால் ஆடும் மாணவிகளையும் கட்டிப்போடுகிறது. லாஸ் ஏஞ்சலஸிலிருந்து, பிக் டென்னின் இன்னொரு உறுப்பினர் இருக்கும் நியூஜெர்சிக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். அங்கே ஆடிவிட்டுத் திரும்பி வகுப்பிலும் உட்கார வேண்டும். அந்தக் களைப்புக்கு எந்த ஒப்பந்தத்திலும் விலை போடவில்லை.

ஒரு காட்சியோடு முடிக்கிறேன். 2024 செப்டம்பர் 14, சியாட்டில். விட்டுப்போன வாஷிங்டனும் விடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கப். 1900-இல் தொடங்கிய பகை இது. கான்ஃபரன்ஸ் உடைந்த பிறகும் இரு தரப்பும் அதைக் கைவிடவில்லை. ஆட்டம் முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம்தான் பாக்கி. வாஷிங்டன் எல்லைக்கோட்டுக்கு ஒரே கஜம் தள்ளி நிற்கிறது, கடைசி முயற்சி. வாஷிங்டன் ஸ்டேட்டின் தடுப்பு வரிசை அசையவில்லை. 24-19.

டிவிக்காரர்கள் தேவையில்லை என்று ஒதுக்கிய அணிதான் அன்று அந்த ஒரு கஜத்தைக் காத்தது.

அடுத்த வாரம்: ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் வென்ற ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு 2023-இல் பிளேஆஃப் கதவு ஏன் திறக்கவில்லை?

(தொடரும்)