நண்பன் வேடத்துப் பகைவன்: டி. எஸ். பாலையாவின் நடிப்புக்கலை

நாடக மேடையிலாயினும் வெள்ளித்திரையிலாயினும் கதைத் தலைவனைப் போற்றுவார் பலர். அவனை வருத்தும் தீயோனைக் கருதுவார் சிலரே. ஆயினும் தீயோன் இல்லையேல் கதை ஓர் அடியும் நகர்வதில்லை. இராவணனின்றி இராமாயணம் ஏது? சகுனியின் சூதின்றிப் பாரதப்போர் ஏது? பிறர் வெறுக்குமாறு நடித்து, அவ்வெறுப்பையே தம் வெற்றியாகக் கொள்ளும் நடிகர்தம் கலை அரிய கலையாகும். அக்கலையில் மேம்பட்டு விளங்கிய டி. எஸ். பாலையா நம் சீமையில் தோன்றியவர். அவரது நடிப்பின் இயல்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலையா 1914ஆம் ஆண்டு சுண்டங்கோட்டை என்னும் ஊரிற் பிறந்தார். அந்நாளில் அவ்வூர் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. 1986இல் ஜில்லா பிரிக்கப்பட்டபின் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கிற்று. நாடக மேடையிற் பயின்ற பின்னரே அவர் திரையுலகம் புகுந்தார்.

தீயோர் இருவகையர். இதற்கு இராவணன் ஒருவனே சான்று. இலங்கை அரசவையில் பத்துத் தலையும் இருபது தோளும் விளங்க வீற்றிருப்பவனும் அவனே. பஞ்சவடியில் தண்டும் கமண்டலமும் தாங்கித் துறவியாய் வந்து நிற்பவனும் அவனே. முன்னவனைக் கண்டமாத்திரத்தில் யாவரும் அஞ்சுவர். பின்னவனை வரவேற்று ஆசனமும் இடுவர். இவ்விருவருள் பெருந்தீங்கு விளைத்தவன் துறவி வேடத்தானே என்பதை நாம் மறத்தலாகாது.

தமிழ்ப் படங்களில் முதல் வகைக்குப் பி. எஸ். வீரப்பாவின் இடிமுழக்கச் சிரிப்பு தக்க எடுத்துக்காட்டாகும். பாலையாவோ இரண்டாம் வகையைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டார். அவர் அச்சுறுத்துவதில்லை, இணங்கச் செய்வார். உறுமுவதில்லை, உறவு கொண்டாடுவார்.

1936ஆம் ஆண்டு வெளிவந்த 'சதி லீலாவதி' அவருக்கு முதற்படம். எஸ். எஸ். வாசன் எழுதிய நவீனத்தைத் தழுவிய அப்படத்தில் எம். கே. ராதா கதைத் தலைவர். எம். ஜி. இராமச்சந்திரன் ஒரு சிறு வேடத்தில் முதன்முதல் திரையில் தோன்றியதும் அதிலேதான். பாலையா ஏற்றது இராமநாதன் என்னும் போலி நண்பனின் வேடம். இல்லறத்தில் இனிது வாழ்ந்த தலைவனுக்கு மதுவைப் பழக்கி, அவன் குடும்பம் குலையக் காரணமாகின்றான் அந்நண்பன். தலைவன் ஊரை விட்டோடி இலங்கைத் தோட்டத்திற் கூலியாய் உழலும் நிலை எய்துகின்றான். இத்தனை கேட்டுக்கும் வித்து வாளன்று, வேலன்று. நண்பன் நீட்டிய ஒரு கிண்ணமே.

இவ்வகை நடிப்புக்குப் பேசும் படம் பேருதவி புரிந்தது. ஒலிபெருக்கி வாராத காலத்து நாடகக் கொட்டகையில், கடைசி வரிசையில் அமர்ந்தவனுக்கும் கேட்குமாறு நடிகர் உரத்துப் பேசவேண்டியிருந்தது. வஞ்சகன் காதோடு கூறும் இரகசியமும் அங்கே கூக்குரலாகவே ஒலித்தது. 1931இல் தமிழ் பேசத் தொடங்கிய திரையோ ஒலிவாங்கியைத் துணையாகக் கொண்டது. தணிந்த குரலும் தெளிவுறக் கேட்டது. காமிரா முகத்தை அணுகவே, புருவத்தின் ஒரு சிறு நெளிவும் பொருளுடையதாயிற்று. மேலும், 'சதி லீலாவதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் அறியாதவர். மொழியறியாதார்க்கும் உட்கருத்து விளங்குமாறு முகமும் உடலும் பேசவேண்டிய அவ்விடத்தில், நடிகர்க்குப் பயிற்சி மிக்கிருத்தல் வேண்டும் எனக் கருதுவது பிழையாகாது. டங்கனே இயக்கிய 'அம்பிகாபதி'யில், 1937ஆம் ஆண்டு, எம். கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக உருத்திரசேனன் என்னும் பாத்திரத்தைப் பாலையா ஏற்றார். பாகவதரின் இன்னிசைக்கு நாடே மயங்கிய காலத்தில், இசையைத் துணைக்கொள்ளாமல் பேச்சாலும் பார்வையாலுமே அவருக்கு ஈடு கொடுத்து நின்றமை சிறிய செயலன்று.

ஈண்டு நம் நெல்லைக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. பேராசிரியர் சுந்தரம்பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' என்னும் நாடகத்தில், பாண்டியன் சீவகன் மதுரையை விடுத்துத் திருநெல்வேலியிற் கோட்டை அமைக்கின்றான். அவனுக்கு அவ்வழி காட்டியவன் குடிலன் என்னும் அமைச்சன். இச்சகம் பேசி அரசனை மயக்கி அரசையே கவர முயலும் குடிலன், நண்பன் வேடத்துப் பகைவனே யன்றோ? அந்நாடகத்தைத் தழுவி மாடர்ன் தியேட்டர்ஸார் 1942இல் எடுத்த 'மனோன்மணி' என்னும் படத்தில் பாலையாவும் நடித்தார். நெல்லைக் கோட்டையைக் களமாகக் கொண்ட கதை, நெல்லைச் சீமை நடிகரையும் உடன் கொண்டு திரையேறிற்று.

1956இல் வெளிவந்த 'மதுரை வீர'னில் நரசப்பனாகப் பொறாமையின் உருவாய் நின்றார் பாலையா. எனினும் அவரைத் தீயோன் என்னும் ஒரு கூட்டுக்குள் அடைத்தல் பொருந்தாது. 1949இல் வந்த 'வேலைக்காரி'யைப் பாருங்கள். பழிவாங்கத் துடித்துக் கத்தி எடுக்கும் கதைத் தலைவனைத் தடுத்து, அறிவைக் கருவியாகக் கொள்ளுமாறு தெருட்டும் மணி என்னும் நண்பன் பாலையாவே. 1936இல் நண்பனைக் கெடுத்த அதே வாய் 1949இல் நண்பனைத் திருத்திற்று. தோளில் கை போட்டுப் பேசும் அந்த உரிமை இரண்டிடத்தும் ஒன்றே. உள்ளக் கருத்து ஒன்றே வேறு. இணங்கச் செய்யும் ஆற்றல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று என்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

பிற்காலத்தில் அவர் நகைச்சுவையிலும் குணசித்திர வேடங்களிலும் புகழ் பெற்றார். 1964இல் 'காதலிக்க நேரமில்லை' என்னும் படத்தில், மகனாக வரும் நாகேஷ் பேய்க்கதை சொல்ல, தந்தையாகிய பாலையா கேட்டு நடுங்குவார். கதை சொல்பவர் நாகேஷே. ஆனால் கதையை நாம் காண்பது பாலையாவின் முகத்தில். 1965இல் 'திருவிளையாட'லில் ஏமநாத பாகவதராய் இசைச் செருக்கின் உச்சியினின்று வீழ்ந்தார். 1968இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் தவில் வித்துவான் முத்துராக்காய் விளங்கினார். தீயோனாய் நடித்த காலத்துக் கருவிகளே இவற்றிலும் பயன்பட்டன: ஏறியிறங்கும் குரல், நொடியில் மாறும் முகம், தன்னைத்தான் மிக மதிக்கும் மனிதனை உள்ளும் புறமும் அறிந்த அறிவு. முன்பு அம்மனிதனைக் கண்டு நாம் வெறுத்தோம். பின்பு அவனையே கண்டு நகைத்தோம். 1972இல் பாலையா காலமானார்.

வேடத்தைக் கொண்டு மனிதரை எடையிடுதல் பேதைமை. திரையிற் கொடுமைகள் பல புரிந்த எம். என். நம்பியார், வாழ்வில் புலாலும் மதுவும் நீக்கிச் சபரிமலைக்கு ஆண்டுதோறும் நோன்பிருந்து சென்றவர் என்பதை யாவரும் அறிவர். தீயோனாய் நடிப்பவர் தீமையை வளர்ப்பவரல்லர். அதன் நடை, உடை, பேச்சு ஆகியவற்றை நமக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுப்பவர்.

மாணவ நண்பர்களே! கல்லூரி வாழ்வில் கத்தியேந்திய பகைவனை நாம் சந்திப்பது அரிது. கிண்ணமேந்திய நண்பனையோ எளிதிற் சந்திப்போம். அவன் சிரித்த முகத்தோடு வருவான். நம் நன்மையையே பேசுவான். தோளிற் கையும் போடுவான். பாலையா நடித்த பழைய படமொன்றைக் காணும் வாய்ப்பு நேர்ந்தால், தலைவனின் பாட்டோடு நில்லாமல், அவன் அருகில் நிற்கும் நண்பனின் கண்களையும் சற்று உற்று நோக்குவோமாக. திரையிற் கண்டு தெளிந்தவன் தெருவில் ஏமாறமாட்டான்.